பிடித்த ராஸா, வளர்த்த ராஸா: சால்மன் கூண்டுக்குள் எதை விடுவது?

மேற்கு நார்வேயில் சால்மன் பண்ணை நடத்துகிறவர் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்த ஆண்டு பேனை ஒழிக்க எதை நம்புவது? பக்கத்து ஊர்ப் படகுக்காரர் ஜூலையில் ராஸ் பிடிக்கப் போவார், இப்போதே எண்ணிக்கை சொன்னால் ஒதுக்கித் தருவார். ராஸ் என்பது கூண்டில் விட்டால் சால்மன் மேல் ஒட்டிய பேனைத் தின்னும் ஒரு கடல் மீன். குஞ்சுப் பண்ணைக்காரர் தடுப்பூசி போட்டு வளர்த்த ராஸ் தருகிறேன் என்பார், விலைதான் கூடுதல். பேன் தின்னும் இன்னொரு மீனான லம்ப் மீன் விற்பவர் வேறு ஒருவர். மீனே வேண்டாம், அந்தப் பணத்தைப் பேனைச் சுடும் லேசரில் போடுங்கள் என்று ஒரு கம்பெனி வந்து நிற்கும். இந்த நான்கில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். முதல் வழி, அதாவது கடலில் பிடித்த ராஸ், மற்ற எல்லாவற்றையும்விட மலிவாகத் தெரிகிறது. ஆனால் அதன் செலவில் ஒரு பெரும் பகுதி பண்ணையின் கணக்கில் வருவதே இல்லை.

முதலில் பேன். தலையில் ஊரும் பேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சால்மன் பேன் என்பது இறால், நண்டுக்கு உறவான ஒட்டுண்ணி. வளர்ந்த பெட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். சால்மனின் தோலில் ஒட்டிக்கொண்டு சளி, தோல், இரத்தம் எல்லாவற்றையும் தின்னும். பின்பக்கம் இரண்டு முட்டைச் சரங்கள் நூல் மாதிரித் தொங்கும். ஒவ்வொரு சரத்திலும் நூற்றுக்கணக்கான முட்டைகள்.

நார்வே சட்டப்படி ஒரு கூண்டில் 2 லட்சம் சால்மன் வரை வைக்கலாம். சராசரியாக ஒரு மீனுக்கு 0.5 பெட்டைப் பேனுக்கு மேல் போகக் கூடாது. அரைப் பேன்தானே என்று தோன்றும். 2 லட்சம் மீனுக்குக் கணக்குப் போட்டால் ஒரே கூண்டில் 1 லட்சம் பெட்டைப் பேன் வருகிறது, அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே! அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் மிதந்து போகும். ஆற்றிலிருந்து முதன்முறையாகக் கடலுக்கு இறங்கும் சின்னஞ்சிறு இயற்கைச் சால்மன்கள் அப்போது அந்த வழியாகத்தான் போகும். அவற்றுக்குப் பத்துப் பேன் ஏறினாலே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அவை இறங்கும் வசந்த காலத்தில், தெற்கிலும் மேற்கிலும் ஆண்டின் 16ஆம் வாரம் முதல் 21ஆம் வாரம் வரை, வரம்பு 0.2 ஆகிவிடுகிறது. இந்த வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேன் எண்ணிக்கையை வாரந்தோறும் அரசுக்குச் சொல்ல வேண்டும். எந்தப் பண்ணையில் எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2017 முதல் நார்வேக் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, பேனால் இயற்கைச் சால்மனுக்கு நேரும் பாதிப்பை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறார்கள். சிவப்பு விழுந்தால் அந்த மண்டலத்துப் பண்ணைகள் உற்பத்தித் திறனை 6 சதவீதம் குறைக்க வேண்டும். 2020இல் மேற்குக் கரையின் 4, 5ஆம் மண்டலங்களுக்குச் சிவப்பு விழுந்தது. அதாவது பேன் என்பது மீன் நலப் பிரச்சினை மட்டுமல்ல, வருமானப் பிரச்சினையும்கூட.

மருந்து போட்டால் என்ன? போட்டார்கள். எமாமெக்டின் கலந்த தீவனம், அசாமெத்திஃபாஸ் குளியல், டெல்டாமெத்ரின், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பேன் பழகிக்கொண்டது. பிழைத்த பேன்தான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது என்பதால் அதில் வியப்பு ஏதும் இல்லை. பேன் இறாலுக்கு உறவு என்றால், பேனைக் கொல்லும் மருந்து பண்ணையைச் சுற்றியுள்ள இறாலையும் விடாது. இந்த இக்கட்டில்தான் துப்புரவு மீன், அதாவது பேனைத் தின்னக் கூண்டில் விடும் ராஸும் லம்பும், பெரிய ஆளாக வந்தது.

பிடித்த ராஸ்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் ஒரு சின்ன ராஸ் உண்டு. பெரிய மீன்கள் வாயைத் திறந்துகொண்டு அதன் முன்னால் வந்து காத்திருக்கும். அது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதற்கு அதுவே பிழைப்பு. வட அட்லாண்டிக்கின் ராஸ்கள் அப்படி இல்லை. பாலன், கார்க்விங், கோல்ட்சின்னி, ராக் குக் ஆகியவை பாறையிலும் கடற்பாசியிலும் சிப்பி, நத்தை, சின்ன நண்டு தேடித் தின்பவை. கூண்டில் சால்மனோடு அடைத்தால் பேனையும் தின்னும், அவ்வளவுதான். 1980களின் பிற்பகுதியில் பெர்கன் நகரின் ஆய்வாளர் ஆஸ்முண்ட் பியோர்டால் செய்த சோதனைகள்தான் இதை முதலில் காட்டின.

இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தி இல்லை. கூண்டு வலையில் சிப்பியும் பாசியும் படர்ந்திருந்தால் ராஸ் அதைத்தான் முதலில் மேயும். பேன் அதற்கு இரண்டாம் பட்சம். ஆகவே ராஸ் விட்ட பண்ணை வலையைத் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அதற்கு ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். பிளாஸ்டிக் கீற்றுகளைக் கடற்பாசி போலத் திரையாகத் தொங்கவிடுவார்கள். இரவில் அது படுத்துறங்கும் மீன்.

எவ்வளவு ராஸ் தேவை? வழக்கமாகச் சால்மன் எண்ணிக்கையில் சில சதவீதம். 5 சதவீதம் என்று வைத்தால் 2 லட்சம் சால்மனுக்கு 10,000 ராஸ், அதுவும் ஒரே கூண்டுக்கு. ஒரு பண்ணையில் எட்டுப் பத்துக் கூண்டுகள் இருக்கும். நார்வே அரசு கடலிலிருந்து ராஸ் பிடிக்க ஆண்டுக்கு 1 கோடி 80 லட்சம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது: தெற்கில் 40 லட்சம், மேற்கில் 1 கோடி, 62ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே 40 லட்சம். எல்லா மீனுக்கும் டன் கணக்கில் ஒதுக்கீடு போடும் நாட்டில் இதற்கு மட்டும் தலைக்கணக்கு.

பிடிப்பது எளிய வேலை. சின்னப் படகு, கரையோரப் பாறை, இறால் துண்டோ நசுக்கிய நண்டோ இரையாக வைத்த பொறிகள். ஆழம் சில மீட்டர்தான். காரணம் இருக்கிறது: ராஸின் காற்றுப்பைக்கு வாய்வழித் திறப்பு கிடையாது. ஆழத்திலிருந்து சடாரென்று தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரியும், வயிறு உப்பும், சில சமயம் குடல் வெளியே தள்ளும். அப்படிப்பட்ட மீனைத் திருப்பிக் கடலில் போட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும்; கடற்காக்கை பார்த்துக்கொள்ளும். ஆக, பொறியில் பத்து மீன் ஏறினால் பத்தும் விற்பனைக்கு இல்லை. அளவில் சிறியது, பெரியது, அடிபட்டது எல்லாம் கழியும். சிறியவை தாமாகவே வெளியேற 12 மில்லிமீட்டர் இடுக்குகளைப் பொறியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல விதி, உயரமான உடம்புள்ள மீனை அது உள்ளேயே நிறுத்திவிடும் என்றாலும்.

இங்கே அளவு விதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலர் நினைப்பது போல ‘சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி’ என்றால் எல்லாம் சரியாகிவிடாது.

பாலன் ராஸ் எல்லாமே பெட்டையாகத்தான் பிறக்கும். பல ஆண்டுகள் கழித்து, பெரிதாக வளர்ந்தவற்றில் சில ஆணாக மாறும். 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. ஒரு பாறையில் பெரிய மீன்களை எடுத்துவிட்டால் அந்தப் பாறையின் ஆண்களைத்தான் எடுக்கிறோம். எனவே பாலனுக்குப் பெரியதையும் காப்பாற்றும் மேல்வரம்பு தேவை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டெவன் பகுதி அதிகாரிகள் கீழ்வரம்பு, மேல்வரம்பு இரண்டும் வைத்தது இதனால்தான்.

கார்க்விங் கதை தலைகீழ். அதில் ஆண்கள்தான் கூடு கட்டும். பாறை இடுக்கில் பாசிகளைக் கவ்விக் கவ்வி வந்து திணிக்கும். பெட்டை அதில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். முட்டை பொரியும்வரை ஆண் கூட்டைவிட்டு நகராது. துடுப்பால் விசிறி நல்ல நீர் விடும், கிட்ட வருகிற எதையும் விரட்டும். கூடு கட்டும் ஆண்கள் பெட்டைகளைவிட வேகமாக வளரும். கூடு கட்டாமல், பெட்டை வேடத்தில் நழுவி வந்து கருவூட்டிவிட்டுப் போகும் சோம்பேறி ஆண்களும் உண்டு, அவை சிறியவை. ‘12 சென்டிமீட்டருக்கு மேல் மட்டும் பிடி’ என்ற விதி இந்த மீனில் யாரைப் பொறுக்கி எடுக்கும்? பொறுப்பான அப்பாக்களை. நார்வே ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். காவல் இல்லாத கூட்டின் முட்டைகள் மற்ற மீன்களுக்கு விருந்து. ஜூலைக்கு முன் பிடிக்கக் கூடாது என்று பருவத்தைத் தள்ளி வைத்ததன் நோக்கம் இந்தக் கூடு காலம் முடியட்டும் என்பதுதான்.

இந்த இடத்தில் முன்பு சொன்ன வாரக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். பேன் வரம்பு மிகக் கடுமையாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில். கடல் ராஸ் பிடிக்க அனுமதி ஜூலையில். மிகத் தேவைப்படும் நேரத்தில் அந்த மீன் கிடைக்காது! போன கோடையில் விட்டது குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்தால்தான் உண்டு. நீர் 8 டிகிரிக்குக் கீழே போனால் ராஸ் சோர்ந்து ஒதுங்கிவிடும், தின்னாது. இயற்கையில் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்து குளிரைக் கழிக்கும். கூண்டில் பாறை இல்லை, அலை இருக்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பேன் பெருகும் நேரத்துக்குக் கடல் ராஸ் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதுக்கும் அதுவே போதும் என்று விற்கிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பயணம். மேற்கிலும் வடக்கிலும் பண்ணைகள் அதிகம், ராஸ் அடர்த்தி தெற்கில் அதிகம். எனவே ஸ்காகெராக் எனப்படும் தெற்குக் கரையிலிருந்து, ஸ்வீடனின் மேற்குக் கரையிலிருந்துகூட, லாரித் தொட்டியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோனார்கள். பிரிட்டனிலும் இதே கதைதான்: 2015 வாக்கில் தொடங்கி, இங்கிலாந்தின் தென்கோடியில் பிளிமத் பக்கம் பிடித்த ராஸ் லாரியேறி ஸ்காட்லாந்தின் கூண்டுகளுக்குப் போனது.

பயணத்தில் சாகும் மீனைவிடப் பெரிய சிக்கல் பிழைத்துத் தப்பும் மீன். தெற்குக் கார்க்விங்கும் மேற்குக் கார்க்விங்கும் மரபணுவில் வேறுபட்டவை. நடுவே யேரன் என்ற நீண்ட மணற்கரை இருக்கிறது. பாறை மீனுக்கு மணலைக் கடக்கப் பிடிக்காது. அந்த இயற்கை வேலியை லாரி ஒரே நாளில் தாண்டிவிட்டது. கூண்டிலிருந்து தப்பிய தெற்கு மீன்கள் நடு நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் பகுதியில் உள்ளூர் மீன்களோடு கலந்திருப்பதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்குள்ள கார்க்விங்கில் ஐந்தில் ஒரு பங்கு வரை வந்தேறிகளோ கலப்புப் பிள்ளைகளோதான். பெருகிய பேனைக் குளிப்பாட்டியாவது போக்கலாம், கலந்துபோன மரபணுவைத் திரும்பப் பிரிக்க முடியாது.

கூண்டுக்குள் போன பிறகு? 2018, 2019இல் நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் துப்புரவு மீன்களின் நிலையைச் சோதித்தது. பண்ணைகளே சொன்ன கணக்குப்படி நடுத்தர இறப்பு 40 சதவீதத்துக்குச் சற்று மேல். இறந்த ராஸ் பாதி கரைந்து வலையின் அடியில் போய்விடும் என்பதால், உண்மைக் கணக்கு இதைவிடக் கூடவே இருக்கும் என்பது ஆணையத்தின் கருத்து. பிழைத்தவற்றுக்கும் வீடு திரும்புதல் கிடையாது. ஒரு கூண்டின் மீனை இன்னொன்றில் விட்டால் நோய் பரவும் என்ற அச்சத்தால் அறுவடையின்போது பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். இருபது ஆண்டு வாழக்கூடிய மீனை ஒரு பருவக் கூலிக்கு எடுத்துத் தூக்கிப்போடுகிற ஏற்பாடு இது. எனக்கு இது உறுத்துகிறது. பண்ணைக் கணக்கில் மட்டும் பார்ப்பவருக்கு உறுத்தாமல் போகலாம்.

மறுபக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ராஸ் பிடிப்பு சின்னப் படகுக்காரர்களுக்கு நல்ல வருமானம். கிலோவுக்குச் சில குரோனருக்கு விற்கும் மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு மீனுக்கே பத்து, இருபது குரோனர் தரும் தொழில் கைக்கு வந்தது. பெரிய இழுவைப் படகுகளோடு போட்டியிட முடியாத கரையோரக் குடும்பங்கள் இதை விட்டுக்கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மீன்பிடிப்புக்கு மூடிய காப்பிடங்களில் ராஸ் கூடுதலாகவும் பெரிதாகவும் இருப்பதை ஸ்காகெராக் ஆய்வுகள் காட்டின. அளவாகப் பிடித்து, சில பாறைகளை முழுக்க விட்டுவைத்தால் தொழிலும் மீனும் சேர்ந்தே இருக்க முடியும் என்றும் அதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

வளர்த்த ராஸ்

குஞ்சுப் பண்ணையில் வளர்ப்பது பெரும்பாலும் பாலன் ராஸ். அது பெரிதாக வளரும், பெரிய சால்மனோடும் சேர்ந்திருக்கும். பிறந்த இடம் தெரியும், நோய்ப் பரிசோதனை உண்டு, தடுப்பூசி உண்டு. கடல் பாறைக்குச் சேதம் இல்லை, தாய் மீன்களைத் தவிர.

இதன் சிக்கல் காலம். முட்டையிலிருந்து கூண்டுக்குப் போகும் அளவு வளர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். குஞ்சு ஊசிமுனை அளவே இருக்கும் என்பதால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர், அப்புறம் ஆர்டீமியா என்று உயிருள்ள இரை கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மீனின் விலையும் கடல் ராஸைப்போலச் சில மடங்கு.

இன்னொன்று, பிறந்ததிலிருந்து உருண்டைத் தீவனம் தின்று பழகியது பேனைக் கண்டால் என்ன செய்யும்? சில நாள் ஒன்றும் செய்யாது. தொட்டியிலிருந்து திடீரென்று 50 மீட்டர் அகலக் கூண்டில் விழுந்தால் ஓரமாக ஒடுங்கி நிற்கும். எனவே விடுவதற்கு முன்பே தொட்டியில் பிளாஸ்டிக் பாசித் திரைக்குப் பழக்க வேண்டும், கூண்டுக்குள் முதலில் சின்னத் தடுப்பில் வைத்து மெல்லத் திறந்துவிட வேண்டும், தனித் தீவனமும் போட வேண்டும். இதைச் செய்ய ஆள் வேண்டும். ஆள் இல்லாத பண்ணையில் வளர்த்த ராஸ் விலை உயர்ந்த பிணம்தான். குளிரில் சோர்வது இதற்கும் உண்டு. வளர்த்ததால் வெப்பநிலை விருப்பம் மாறிவிடாது. ஆனால் எப்போது விடுவது என்பது உங்கள் கையில். ஏப்ரலுக்குத் தயாராக இருக்கும் மீனை மார்ச் கடைசியில் வாங்கலாம், ஜூலைக்குக் காத்திருக்க வேண்டாம்.

லம்ப் மீன்

லம்ப் மீனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். உருண்டையான உடம்பு, வயிற்றில் ஒட்டுவட்டு, நீச்சல் என்றால் தத்தளிப்பு. வழவழப்பான பலகை கொடுத்தால் அதில் ஒட்டிக்கொண்டு தூங்கும். முட்டையிலிருந்து ஐந்தாறு மாதத்தில் தயாராகிவிடும். ஒரு தாய் மீன் லட்சத்துக்கு மேல் முட்டையிடுவதால் கடலிலிருந்து எடுக்கும் தாய்களின் எண்ணிக்கை குறைவு. ராஸ் ஒடுங்கிக் கிடக்கும் குளிரிலும் இது தின்னும். அதனால் வடக்கு நார்வேயில் இதுதான் துப்புரவு மீன். நார்வே ஏறத்தாழ 6 கோடி துப்புரவு மீன்களைக் கூண்டுகளில் விட்ட 2019இல் பெரும்பங்கு லம்ப்தான்.

குறைகள்: வளர்ந்து சில நூறு கிராம் ஆனதும் பேனில் ஆர்வம் போய், சால்மன் தீவனத்தைத் தின்று கொழுக்கும். வெயில் காலத்தில் நீர் சூடேறினால் தாங்காது. நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் நிற்கவே முடியாது. பாக்டீரியா நோய்கள் கூட்டமாக வாரிக்கொண்டு போகும். மேற்கு நார்வேயின் திறந்த கடல் பண்ணைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அமைதியான ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல்) உள்ளே, குளிர்காலத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

மீனே வேண்டாம் என்றால்

வெந்நீர்க் குளியல் இப்போது மிகப் பரவலான வழிகளில் ஒன்று. சால்மனைக் குழாயில் உறிஞ்சி, 28 முதல் 34 டிகிரி வரை சூடான நீரில் அரை நிமிடம் தள்ளி எடுப்பார்கள். பேன் கழன்று விழும். ஆனால் 8 டிகிரியில் இருந்த மீன் 34 டிகிரியில் விழுந்தால் துள்ளித் துடித்துச் சுவரில் மோதுகிறது. அந்தத் துடிப்பு வலியின் அடையாளம் என்று நார்வே கடல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. 2023இல் நார்வேக் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கு மேல் சால்மன் செத்தது, ஏறத்தாழ 17 சதவீதம். இந்தக் குளியல்களும் தூரிகை, நீர்ப்பீச்சு முறைகளும் தரும் காயங்கள் அதில் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

துப்புரவு மீன் வைத்திருப்பவருக்கு இன்னொரு கேடு: வெந்நீருக்கு முன் அவற்றை எல்லாம் கூண்டிலிருந்து பிடித்து எடுத்துவிட வேண்டும். 2 லட்சம் சால்மன் நடுவே, பாசித்திரைக்குள் ஒளிந்திருக்கும் 10,000 ராஸைப் பொறுக்குவது எப்படி? முழுக்க முடியாது. விடுபட்டவை இயந்திரத்தில் போகும். ஒரே கோடையில் ராஸும் விட்டு இரண்டு முறை வெந்நீரும் காட்டும் பண்ணை, பணத்தை இரண்டு பக்கமும் எரிக்கிறது. நான் பார்த்தவரை இந்த ஒப்பீட்டில் பலர் தவறவிடுவது இதைத்தான். அவரவர் வழியைத் தனித்தனியாக எடை போடுகிறார்கள். ஒன்று மற்றொன்றைக் கொல்லும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லேசர் கேட்க அழகாக இருக்கிறது: கேமரா சால்மனைப் பார்க்கும், பேனை அடையாளம் காணும், பச்சை ஒளியால் சுடும். மீனைத் தொடவே வேண்டாம். ஆனால் 2020இல் வணிக அளவுக் கூண்டுகளில் நடந்த ஒரு சோதனையில் பேன் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. அதற்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன், உங்களைப் போன்ற நீரோட்டமும் கலங்கலும் உள்ள பக்கத்துப் பண்ணை ஒன்றின் பேன் எண்ணிக்கையை இணையத்தில் இரண்டு ஆண்டுக்கு எடுத்துப் பாருங்கள். விற்பவரின் விளக்கப்படத்தைவிட அது நன்றாகப் பேசும்.

பேன் பாவாடை என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைவாகப் பேசப்படும் நல்ல கருவி. பேன்குஞ்சு ஒளியைத் தேடி மேல்நீரில் மிதப்பது. கூண்டைச் சுற்றி 6 முதல் 10 மீட்டர் ஆழத்துக்குத் தார்ப்பாய் கட்டினால் அது உள்ளே வராது. சில சோதனைகளில் புதிதாக ஏறும் பேன் பாதிக்கும் மேல் குறைந்தது. ஏறவே விடாத பேனைக் கழற்றத் தேவையில்லை! குறை உண்டு: தார்ப்பாய்க்குள் நீர் தேங்கும், வெயில் நாளில் ஆக்சிஜன் இறங்கும், செவுள் அமீபா நோய் வரலாம். நீரோட்டம் குறைந்த ஃபியோர்டில் இது சிக்கல், ஓட்டம் உள்ள இடத்தில் சமாளிக்கலாம்.

என் கணக்கு

துப்புரவு மீன் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தொட்டிச் சோதனையில் அவை பேனைக் கபளீகரம் செய்வது உண்மை. நார்வேப் பண்ணைகள் முழுவதன் பேன் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு, துப்புரவு மீன் விட்ட கூண்டுகளில் பேன் பெருக்கம் சற்றுத் தாமதமாகிறது, ஆனால் பயன் சராசரியில் சிறியது, பண்ணைக்குப் பண்ணை பெரிதும் மாறுகிறது என்றது. நன்றாகப் பராமரித்த பண்ணையில் பயன் உண்டு, சும்மா கொட்டிவிட்ட பண்ணையில் இல்லை என்பதே அதன் பொருள் என நினைக்கிறேன்.

ஆகவே மேற்கு நார்வேயில், ஓரளவு நீரோட்டம் உள்ள இடத்தில், நான் முடிவெடுக்க வேண்டியிருந்தால்: முதல் பணம் பாவாடைக்கு. இரண்டாவது, வளர்த்த பாலன் ராஸ், எண்ணிக்கையில் குறைவாக, பராமரிக்க ஓர் ஆளோடு. வெந்நீர் கடைசி வழி, அதுவும் ராஸ் விட்ட கூண்டில் தவிர்க்கவே பார்ப்பேன். கடல் ராஸ் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், அதே ஃபியோர்டில் பிடித்தது மட்டும். தெற்கிலிருந்து லாரியில் வரும் மீனை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

உள்ளூர்ப் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. எந்த ஆழத்தில் பொறி வைக்கிறீர்கள்? ஒரு நாளுக்கு ஒரு முறையாவது தூக்குகிறீர்களா? பிடித்தபின் எத்தனை நாள் மிதவைப் பெட்டியில் அடைத்து வைக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரின் மீன் கூண்டில் கூடுதல் நாள் உயிரோடு இருக்கும். மழுப்புகிறவரின் மீனை வாங்கினால் பாதி முதல் மாதத்திலேயே போய்விடும், அடுத்த வாரம் மறுபடியும் அவரிடமே போன் போட வேண்டியிருக்கும்.

நார்வேயில் 1980களில் வடக்கு மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஈழத் தமிழர்களின் பிள்ளைகள் இன்று அங்கேயே ஊன்றிவிட்டார்கள். அவர்களில் யாராவது இப்படி ஒரு பண்ணையில் பொறுப்பில் இருந்து இதைப் படித்தால், ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்: குஞ்சுப் பண்ணைக்கு முன்பதிவு. ஒன்றரை ஆண்டு வளர வேண்டிய மீன் அது. இந்தக் கோடையில் சொன்னால் அடுத்த ஆண்டுக் கடைசியில்தான் கைக்கு வரும். பலர் கடல் ராஸ் வாங்குவதற்கு உண்மையான காரணம் அதன் விலை இல்லை. போன ஆண்டு முன்பதிவு செய்ய மறந்ததுதான்.